யாருக்கு வரும் என்பதா, எதனால் வரும் என்பதா?

(உலக எய்ட்ஸ் நாளை ஒட்டிப் பாளையங்கோட்டையில் நடந்த பட்டிமன்றத்தில், 'எதனால் வரும்' அணியில் பேசியது)

நடுவர் அய்யாவுக்கும், பேசி முடித்த தெம்பில் சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தம்பிக்கும், முன்வரிசை நர்சிங் பிள்ளைகளுக்கும், கடைசி வரிசையில் சுக்குக் காபிக்காகக் காத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கும் வணக்கம்.

தொற்றுநோய் பரவும்போது மக்களிடம் முதலில் சொல்ல வேண்டியது 'இன்னாருக்கு வரும்' என்பதா, 'இன்னதால் வரும்' என்பதா? இதுதான் வழக்கு. தம்பி 'இன்னாருக்கு' என்ற பக்கம். 2022-ல் குரங்கம்மை பரவியபோது 16 நாடுகளில் 528 நோயாளிகளை ஆராய்ந்தார்கள், அதில் 98 சதவீதம் பேர் தன்பால் அல்லது இருபால் ஈர்ப்பு கொண்ட ஆண்கள், இதைச் சொல்ல ஏன் பயப்பட வேண்டும் என்று மேசையைத் தட்டினார். மேசை பாவம்.

கணக்கு சரிதான். அதை மறைக்கச் சொல்லி நான் வரவில்லை. மறைத்திருந்தால் அந்த ஆண்களுக்குத் தடுப்பூசி போய்ச் சேர்ந்திருக்காது. ஆனால் தம்பி ஓர் ஆண்டு அலையை மட்டும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். இதே நோயை மனிதரிடம் முதன்முதலாகக் கண்டது 1970-ல், காங்கோவில், ஒன்பது மாதக் குழந்தையிடம். அந்தப் பிள்ளையை எந்தப் பட்டியலில் எழுதுவார்? 2023-ல் அதே காங்கோவில் கமிட்டுகா என்ற தங்கச் சுரங்க ஊரில் நோயின் புது வகை ஒன்று கிளம்பியது. அங்கே பாலியல் தொழில் செய்யும் பெண்களிடையேயும் அவர்களிடம் போனவர்களிடையேயும் பரவி, அப்புறம் வீடுகளுக்குள் புகுந்து பிள்ளைகளையும் பிடித்தது. 2024 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் இந்த நோய்க்கு இரண்டாவது முறையாக அவசரநிலை அறிவித்தது. ஆள் மாறிக்கொண்டே இருக்கிறான். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவ அது தேடுவது நெருங்கி உரசும் உடம்பைத்தான்.

அப்படியானால் 2022-ல் ஏன் ஒரு கூட்டத்திலேயே குவிந்தது? நியாயமான கேள்வி. குறுகிய காலத்தில் பலரோடு உறவு, அந்தப் பலருக்கும் தங்களுக்குள் தொடர்பு. அப்படியொரு வலைக்குள் விழுந்த கிருமி சுற்றிச் சுற்றி வரும். அதே ஈர்ப்புள்ள ஒருவர், வேறு தொடர்பில்லாத ஒரே துணையோடு வீட்டில் இருந்தால் அந்த வலை அவரைத் தொடாது. இரண்டு பேருக்கும் பெயர் ஒன்று, ஆபத்து ஒன்றா? அமெரிக்காவில் 2022 ஆகஸ்டில் கேட்டபோது, அந்த ஆண்களில் பாதிப் பேர் துணைகளின் எண்ணிக்கையைத் தாங்களே குறைத்துக்கொண்டோம் என்றார்கள். ஈர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை, நடப்பை மாற்றிக்கொண்டார்கள். தம்பி கொண்டுவந்த உதாரணம் எனக்குத்தான் சாட்சி சொல்கிறது.

இனி என் கதை. நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் செய்யும் அரசு மையத்தில், ஆற்றுப்படுத்துநராக இருந்தவள் நான். ஊரையும் தொழிலையும் மாற்றித்தான் சொல்கிறேன், யாரும் ஊகிக்க வேண்டாம். காசநோய்ப் பிரிவிலிருந்து ஒருவரை அனுப்பியிருந்தார்கள். காசநோய் என்றால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்வது வழக்கம். லோடு வண்டிக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நான் புதுசு. நேராகக் கேட்டேன், "நீங்க ஓரினச்சேர்க்கையாளரா?"

"சே, என்னக்கா இப்படிக் கேக்கிய? எனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு."

'இல்லை' என்று எழுதிக்கொண்டேன். ரிசல்ட் பாசிட்டிவ். மறுபடி உட்காரவைத்துக் கேள்வியை மாற்றினேன். "ஆம்பளைங்க கூடப் போயிருக்கியளா?"

"அது போவேன். அதுக்கும் இதுக்கும் என்னக்கா?"

அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனசில் அவர் கல்யாணமான ஆம்பளை, அவ்வளவுதான். ஆண்களை விரும்பும், பெண் சாயல் கொண்ட ஆண்களில் தங்களைக் கோத்தி என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு, அவர்கள் இவர் மாதிரி ஆளைப் பந்தி என்பார்கள். அந்தச் சொல்லே இவருக்குத் தெரியாது. ஆணுறை போட்டீர்களா என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "பொம்பளைகிட்டப் போனாத்தான எய்ட்ஸ் வரும்னு போர்டு வச்சிருந்தாவ. அதான் ஆம்பளைகிட்டப் போனேன்."

அந்தப் போர்டு எங்கிருந்து வந்தது? 1981-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்ததாகத்தான் எய்ட்ஸ் பற்றிய முதல் அறிக்கை. உடனே ஓரினச்சேர்க்கையாளர் நோய் என்று பெயரே வைத்தார்கள். ரத்தம் உறையாத நோயுள்ளவர்களுக்கு வந்தது, ஹைட்டி நாட்டுக்காரர்களுக்கு வந்தது, பட்டியல் நீண்டதே தவிரப் பட்டியல் போடும் புத்தி போகவில்லை. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா, இவர்கள் முயற்சியில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரிந்தது. பாலியல் தொழிலாளிப் பெண்களின் ரத்தம் அது. அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் ஊர் எடுத்துக்கொண்டது 'அந்தப் பெண்களின் நோய்' என்பதைத்தான். அவர்களிடம் வந்துபோன ஆண்கள் பட்டியலில் இல்லை, அந்த ஆண்களின் மனைவிமார் கணக்கிலேயே இல்லை. எங்கள் மையத்துக்கு வந்த பெண்களில் முக்கால்வாசிப் பேருக்குப் புருசனைத் தவிர வேறு ஆணைத் தெரியாது.

கிருமியின் கணக்கு வேறு. ஆணுறை இல்லாமல், பாசிட்டிவ் உள்ளவரோடு, ஆசனவாய் வழி உறவை ஏற்பவருக்கு 10,000 முறைக்கு 138 முறை தொற்றலாம், பெண்குறி வழி உறவில் பெண்ணுக்கு 8 என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. இதை அந்த மனிதரிடம் யாராவது சொல்லியிருந்தார்களா? (நர்சிங் பிள்ளைகள் குனிய வேண்டாம். நாளைக்கு வார்டில் நீங்கள்தான் கேட்கப்போகிறீர்கள்.)

எம்.எஸ்.எம். என்ற சொல்லைப் பாருங்கள். ஆணோடு உறவுகொள்ளும் ஆண். நடப்பைச் சொல்லத்தான் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தார்கள். இப்போது "அவன் எம்.எஸ்.எம்." என்று ஆளுக்கே சாதிப் பெயர் மாதிரி ஒட்டிவிட்டோம்.

ஒரு குழுவைத் தேடிப்போக அதன் பெயர் வேண்டாமா என்று தம்பி கேட்டார். வேண்டும். எந்தத் தெருவுக்குப் போவது என்று தெரியாமல் மருந்தைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அது எங்களுக்குள் இருக்க வேண்டிய கணக்கு. வாசலில் போய் நின்று என்ன கேட்கிறோம் என்பதில்தான் என் சண்டை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம்ம திருநெல்வேலி ஜங்ஷனே முங்கியது. வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் பயம். அப்போது டாக்டர் கேட்க வேண்டியது, வெள்ளத் தண்ணீரில் நின்றீர்களா, காலில் புண் இருக்கிறதா, இவ்வளவுதான். நீங்கள் எந்த வகை ஆள் என்று கேட்டால் சிரிப்போம் இல்லையா?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒரு நிமிசம். அந்த லோடு வண்டிக்காரர் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து ஆரம்பித்து மூன்றாவது வாரம் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை, அவரே சொல்லியிருந்தார். அந்த அம்மாவுக்கு நெகட்டிவ். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தோம், அப்போதும் நெகட்டிவ். என் முதல் கேள்வியோடு நான் நிறுத்தியிருந்தால் அவர் இரண்டாம் தடவை வாய் திறந்திருப்பாரா என்று நடுவர் அய்யாவே சொல்லட்டும்.

வணக்கம்.