கானில் ஓடும் கறுத்தத் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசியில் முதல் பெருமழை விழுகிற அன்று யாழ்ப்பாண நகரத்தில் மழைத்தண்ணீர் வடியும் கானொன்றை எட்டிப் பாருங்கள். தண்ணீர் கறுப்பாக ஓடும். கோடை முழுக்க றோட்டில் படிந்த ரயர்த் தூள், எண்ணெய், சாணம் என்று அழுக்கில் பெரும்பகுதி முதல் 15 மில்லிமீற்றர் மழையோடு கழுவுப்பட்டு வந்துவிடும். மாரிவெள்ளம் முழுவதையும் மறிக்கத் தேவையில்லை. அந்த முதல் தண்ணீரைச் சம்பும் கோரையும் நட்ட ஈரநிலமொன்றில் இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் போதும்.

எங்கள் பரப்புக் கணக்கிலேயே சொல்கிறேன். 16 பரப்பு, அதாவது ஓர் ஏக்கர், முழுக்கக் கூரையும் தாருமாக இருந்தால் 15 மில்லிமீற்றர் மழை ஏறக்குறைய 60,000 லீற்றர். 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் தேக்க 200 சதுர மீற்றர் வேண்டும். ஒரு பரப்புக்குள் அடங்கிவிடும். பதினாறுக்கு ஒன்று, அவ்வளவுதான்.

ஆனால் முன்குழி வேண்டும். இதை எத்தனை தரமும் சொல்வேன்: முன்குழி வேண்டும். கான் வந்து விழும் இடத்தில் ஒன்று, ஒன்றரை மீற்றர் ஆழம். வேகம் தணிந்து மணல் அங்கேயே தங்கும். அடிக்குக் கொங்கிறீற் போடுங்கள், ஆவணியில் மண்வெட்டியால் வழித்தெடுக்கலாம். வெளிக்குழாயில் முழங்கை எனப்படும் வளைவுத் துண்டைப் பூட்டி, வாயைத் தண்ணீருக்குள் கீழ்நோக்கித் திருப்பிவிடுங்கள். கராஜ் எண்ணெயும் சொப்பிங் பையும் மேலே மிதந்து நிற்க, இடைத்தண்ணீர் மட்டும் போகும். முன்குழி இல்லாவிட்டால் மணல் மேடுகட்டி, தண்ணீர் ஒரு பக்கத்தால் வெட்டிக்கொண்டு ஓடிவிடும். சம்பு பச்சைப் பசேலென்று நிற்கும். தண்ணீர் அதைத் தொட்டிருக்காது. தொடவேண்டும். நீருக்குள் நிற்கிற தண்டைத் தடவினால் வழுவழுப்பாக ஒரு படை கைக்கு வரும். அழுக்கைத் தின்பது அதிலுள்ள நுண்ணுயிர்கள்தான்.

எங்களுக்கே உரிய சிக்கலொன்றும் உண்டு. கீழே இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். களிமண்ணை 30 சென்ரிமீற்றர் தடிப்பில் இறுக்கிப் பரப்பாவிட்டால் கறுத்தத் தண்ணீர் வேரைக் காணாமலே பக்கத்துக் கிணற்றுக்குப் போய்விடும்.

ஈரநிலம் நிறைந்த பிறகு வருகிற வெள்ளம் பக்கக் கானால் விலகவேண்டும். உள்ளே விட்டால் படிந்த சேற்றையும் கிளப்பிவிடும்.

நேரம் நெருங்கிவிட்டது. நுளம்பைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக: மூலைகளில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், கோடையிலும் வற்றாத ஆழமான ஒரு பகுதியில் மீன் நிற்கட்டும். நாற்றுகளைப் பெருமழைக்கு முன்னமே நட்டுவிடுங்கள். நுனி மூழ்கினால் அழுகிவிடும். வணக்கம்.