டேப்லெட்டுக்கு மறுவாழ்வு கொடுத்த காசிமேட்டுத் தூண்டில் நரம்பு

(காட்சி: விரல்களுக்கு இடையே இழுத்துப் பிடித்த நைலான் நரம்பு)

இந்த நரம்பைப் பாருங்கள். காசிமேட்டில் தூண்டிலுக்குக் கட்டுகிற அதே நைலான் நரம்புதான். "இனி இது தேறாது" என்று ஒரு கடையில் கைவிட்ட டேப்லெட்டை இதை வைத்துத்தான் பிழைக்க வைத்தேன். எப்படி என்று கடைசியில் காட்டுகிறேன். அதற்கு முன்னால், 30 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே டேப்லெட் ஏன் பட்டென்று அணைந்துபோகிறது என்பதைப் புரிந்துகொள்வோம். இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

2020 ஊரடங்கில் தங்கையின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய டேப்லெட் இது. அவள் கல்லூரிக்குப் போன பிறகு, தண்டையார்பேட்டை வீட்டில் அம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டது. ரவிக்கை தைக்க வருகிறவர்களுக்குக் கழுத்து மாடல்களை அம்மா இதில்தான் காட்டுவார். சில மாதங்களாக, படம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிடும். சார்ஜரைச் செருகினால் 28 சதவீதம் என்று காட்டும். கடையில் கேட்டால் போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்றார்கள். டியூப் போனதற்காகச் சைக்கிளைக் காயலான் கடைக்குப் போடுவோமா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: இந்த டேப்லெட்டுக்குள் இருக்கும் லித்தியம் அயான் வகைப் பேட்டரியை 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது, அதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது வயது 97.

(காட்சி: உப்பு படிந்த பழைய தண்ணீர்க் குழாயின் குறுக்கு வெட்டு)

இது எங்கள் வீட்டில் கழற்றிய குழாய். போர் தண்ணீர் உப்பு. வடசென்னையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதே உப்புக்கறை. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கும். குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் ஒழுங்காக வரும். கீழே இரண்டு குழாய்களை ஒன்றாகத் திறந்துவிட்டால் நூல் போல இளைத்துவிடும். தொட்டி காலியாகவில்லை, வழிதான் குறுகிவிட்டது.

உங்கள் பழைய பேட்டரிக்குள்ளும் இதுவேதான் நடந்திருக்கிறது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற லித்தியம் துகள்கள், ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி, மறுபக்கத்தில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. அந்த கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் படிகிறது. ஆண்டுகள் போகப் போக அது தடிக்கிறது, அயனிகள் போய்வரும் வழி கடினமாகிறது. அம்மா திரை வெளிச்சத்தைக் கூட்டி வீடியோவைத் திறந்ததும் டேப்லெட் ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் கேட்கிறது. பேட்டரியால் கொடுக்க முடியவில்லை. வோல்டேஜ் சரிகிறது, டேப்லெட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. சுமை நீங்கியதும் வோல்டேஜ் மேலே வருகிறது. அதனால்தான் அந்த 28 சதவீதம். அது முழுப் பொய் அல்ல, மாட்டிக்கொண்ட மிச்சம்!

ஆனால் ஓர் இடத்தில் பேட்டரி நம் குழாயைவிடப் பாவம். குழாயில் உப்பு வெளியிலிருந்து வருகிறது. பேட்டரியிலோ அந்தப் படலம் உருவாக லித்தியமே செலவாகிறது. வழியும் அடைகிறது, தொட்டித் தண்ணீரும் குறைகிறது. இன்னொரு செய்தி என்னை ஒரு நாள் முழுக்க வியக்க வைத்தது: இந்தப் படலம் முதன்முதலில் உருவாவது தொழிற்சாலையிலேயே, முதல் சார்ஜின்போது. அதை வேண்டுமென்றே உருவாக்குகிறார்கள். அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் திரவம் கிராஃபைட்டோடு ஓயாமல் வினைபுரிந்து பேட்டரி சீக்கிரமே பாழாகிவிடும். காப்பாற்றும் அந்தப் படலம்தான் பிறகு மெல்ல மெல்லக் கழுத்தையும் நெரிக்கிறது.

இதை வேகப்படுத்துவன இரண்டு: சூடு, எப்போதும் நிறைந்திருக்கும் சார்ஜ். 25 டிகிரியில், பாதிக்கும் குறைவான சார்ஜோடு ஓராண்டு சும்மா வைத்த பேட்டரி தன் கொள்ளளவில் மிகக் கொஞ்சமே இழக்கிறது. 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. இப்போது அம்மாவின் தையல் மூலையை நினைத்துப் பாருங்கள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி, காலை முதல் இரவு வரை செருகிய சார்ஜர். அக்னி நட்சத்திரத்தில் அந்த மூலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். டேப்லெட் இத்தனை நாள் தாங்கியதே பெரிய காரியம்.

சரி, பேட்டரி வாங்குவது. டேப்லெட்டின் மாடலை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். திறந்து, பழைய பேட்டரியின் லேபிளில் உள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு பர்மா பஜாருக்கோ ரிச்சி தெருவுக்கோ போங்கள். சார்ஜ் வோல்டேஜ் வரம்பு 4.2, 4.35, 4.4 என்று பேட்டரிக்குப் பேட்டரி மாறும். பழையதில் உள்ளதே புதியதிலும் இருக்க வேண்டும். தயாரித்த தேதியைப் பாருங்கள். பிரிக்காத அட்டையில் இருந்தாலும் பல ஆண்டுகளுக்கு முந்தைய பேட்டரி கிழவன்தான். அதே அளவில் இரண்டு மடங்கு கொள்ளளவு என்று யாராவது சொன்னால் வந்துவிடுங்கள். எங்களுடையது 5,100 மில்லி ஆம்பியர் மணி. 9 வாட் எல்இடி பல்பை இரண்டு மணி நேரம் எரிக்கும் அளவு ஆற்றல். அவ்வளவு ஆற்றல் ஓர் அப்பளத்தின் கனத்துக்குள் மடக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மறக்காமல் அடுத்த வேலைக்கு வாருங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால், பின்மூடி தூக்கிக்கொண்டிருந்தால், திரை விளிம்பு பிளந்திருந்தால், இந்த வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டு நல்ல சர்வீஸ் கடைக்குப் போங்கள். சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். ஐபேட் போல முன்கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியவற்றையும் முதல் முயற்சியாக எடுக்காதீர்கள்.

(காட்சி: மேசை, பக்கத்தில் உலர்ந்த மணல் நிரப்பிய வாளி)

சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, அணைத்துவிட்டேன். சிம் தட்டை உருவினேன். மெல்லிய பிளாஸ்டிக் துண்டை விளிம்பில் செருகி நகர்த்தினால் பின்மூடியின் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடுபடும். முதல் வேலை, பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அதற்கு முன் வேறெதையும் தொடக்கூடாது.

இப்போது நரம்பு. பேட்டரியைக் கீழே டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் மடங்கும், கிழியும், தீப்பிடிக்கும். நரம்பை ஒரு மூலையில் அடியில் கொடுத்து, பசையை இளக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, இரண்டு முனைகளையும் பிடித்து ரம்பம் இழுப்பது போல மெல்ல மெல்ல இழுங்கள். பசை மட்டும் அறுபடும், பேட்டரி மடங்காது. எனக்கு இருபது நிமிடம் ஆனது. அவசரப்படவே இல்லை. ஒரு பேட்டரியை எடுக்கத் தூண்டில் நரம்பு தேவைப்படும் அளவுக்கு ஏன் ஒட்ட வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல், பயனரே கழற்றக்கூடிய பேட்டரி வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. நமக்கும் அது வேண்டும்.

புதியதை வைத்து, மூடுவதற்கு முன்பே இயக்கிப் பாருங்கள். சார்ஜ் ஏறுகிறதா, தொடுதிரை எல்லா மூலையிலும் கேட்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூடி. மொத்தச் செலவு 900 ரூபாய்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போட்டால் அது கொடுங்கையூர் கிடங்கு வரை போகும். வழியில் லாரியில் நசுங்கினாலே தீ. அந்தக் கிடங்கின் புகையை மூச்சில் வாங்குகிறவர்கள் நம் மக்கள்தான். 2022இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் பொறுப்பு. கனெக்டரில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைத்தேன்.

அம்மா இப்போது சார்ஜரை இஸ்திரிப் பெட்டிக்கு எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டார். 80 காட்டியதும் பிளக்கைப் பிடுங்குகிறார். நேற்று சாயங்காலம் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் கழுத்து மாடல் காட்டியும் திரை அணையவில்லை. உங்கள் டேப்லெட் எத்தனை சதவீதத்தில் அணைகிறது? மாடலையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படித்துப் பதில் போடுகிறேன்.