ராப் ஆல்பத்துக்கு கிராமியின் பெரிய விருது ஏன் கிடைப்பதில்லை?

வணக்கம் மக்கா. ஒவ்வொரு வருஷமும் அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமியின் முடிவு வருகிற அன்று ராப் கேட்கிற பையன்களும் பிள்ளைகளும் கொதித்துப் போவார்கள். "இதெல்லாம் ஒரு அவார்டா?" என்று ஸ்டேட்டஸ் போடுவார்கள். அமெரிக்காவில் யாருக்கோ விருது கிடைக்காததற்கு இவன் ஏன் காலையிலேயே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான் என்று வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியாது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் தப்பான ஆள் மேல் பாய்கிறது. ஜெயித்தவரைத் திட்டிவிட்டு, ஓட்டுப் போட்டவர்களை விட்டுவிடுகிறோம்.

[திரையில்: 2014, சிறந்த ராப் ஆல்பம், ஐந்து அட்டைப் படங்கள்]

2014 ஜனவரி 26, லாஸ் ஏஞ்சல்ஸ். ராப் ஆல்பத்துக்கான பட்டியலில் டிரேக், ஜே-ஸி, கான்யே வெஸ்ட், கென்ட்ரிக் லமார், அப்புறம் மேக்கிள்மோர், ரயன் லூயிஸ் ஜோடி. கென்ட்ரிக்கின் ஆல்பம் 'குட் கிட், மேட் சிட்டி'. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் இருக்கிற காம்ப்டனில் கும்பல் சண்டைகளுக்கு நடுவே வளர்கிற ஒரு பையனின் கதையை ஆல்பம் முழுக்கச் சொல்லியிருப்பார். அன்றைக்கு 7 பரிந்துரைகளோடு வந்தவர் வெறுங்கையோடு திரும்பினார். மேக்கிள்மோர் ஜோடிக்கு 4 விருதுகள், ராப் ஆல்பம் விருதும் சேர்த்து. நீதான் ஜெயித்திருக்க வேண்டும் என்று மேக்கிள்மோரே கென்ட்ரிக்குக்கு மெசேஜ் அனுப்பினார். அதை இன்ஸ்டாகிராமிலும் போட்டார்.

மேக்கிள்மோர் மோசமான கலைஞர் இல்லை. 2013இல் அவருடைய ஒரு பாட்டு அமெரிக்காவில் அந்த வருஷத்தின் நம்பர் ஒன் பாட்டாகவே இருந்தது. அங்கேதான் விஷயம். ராப்பை உன்னிப்பாகக் கேட்காத ஒருவருக்கும் அந்த வருஷம் தெரிந்திருந்த ராப் பெயர் அது. கூடவே அவர் வெள்ளையர். கறுப்பின மக்கள் உருவாக்கிய இசைக்கான விருது இப்படிப் போனால் வலிக்கத்தான் செய்யும். அதைச் சொல்லாமல் தாண்டிப் போவது நேர்மை இல்லை.

சரி, ஓட்டுப் போடுவது யார்?

ரெக்கார்டிங் அகாடமி என்ற அமைப்பின் உறுப்பினர்கள். பாடகர்கள், பாடலாசிரியர்கள், தயாரிப்பாளர்கள், ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் என்று 13 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஓட்டு உண்டு. ரசிகர்களுக்குக் கிடையாது, இசை நிறுவனங்களுக்கும் கிடையாது. இப்போதைய விதிப்படி ஒரு உறுப்பினர் அதிகபட்சம் மூன்று இசைத் துறைகளில் மொத்தம் 10 பிரிவுகளுக்கு ஓட்டுப் போடலாம். தெரிந்த துறைக்கு மட்டும் போடுங்கள் என்று அகாடமி கேட்டுக்கொள்கிறது. ஆனால் கடைப்பிடிப்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது. இதற்கு மேலே பொதுப் பிரிவு என்று ஆறு விருதுகள் இருக்கின்றன. தலைப்பில் சொன்ன பெரிய விருதான 'ஆண்டின் ஆல்பம்' அதில் ஒன்று. அதற்கு எல்லாரும் ஓட்டுப் போடலாம். ஓபரா பாடுகிறவரும் போடலாம், கன்ட்ரி பாட்டுக்கு கிட்டார் வாசிக்கிறவரும் போடலாம்.

நம்ம ஊர்க் கோயில் கொடையை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு நடக்கும். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்லச் சொல்ல, குடமும் உடுக்கையும் ஏறி வரும், பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். கதையில் ஒரு இடத்தைப் புலவர் விட்டுவிட்டால், முன்னால் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கு உடனே தெரியும். அங்கே யார் நல்ல புலவர் என்று அந்தப் பாட்டியைக் கேட்காமல், மேடைக் கச்சேரி மட்டுமே கேட்டுப் பழகிய ஆயிரம் பேரைக் கூட்டி வந்து கேட்டால்? குரல் இனிமையாக இருக்கிறவர் பெயரைச் சொல்வார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

[திரையில்: ஆண்டின் ஆல்பம், 1999 மற்றும் 2004]

ஆண்டின் ஆல்பம் விருதை ஹிப் ஹாப், அதாவது ராப்பும் அதைச் சுற்றிய இசையும் சேர்ந்த உலகத்தில் இருந்து வாங்கியவர்களைப் பாருங்கள். 1999இல் லாரின் ஹில், 2004இல் அவுட்காஸ்ட். லாரின் ஹில்லின் ஆல்பத்தை கிராமி ராப் பிரிவில் வைக்காமல், மெட்டோடு பாடுகிற ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) பிரிவில்தான் வைத்திருந்தது. அவுட்காஸ்டின் ஆல்பம் இரட்டை ஆல்பம். அதில் ஒரு பாதி பெரும்பாலும் பாட்டுத்தான், ராப் குறைவு. இரண்டுமே அருமையான ஆல்பங்கள், நான் தினமும் கேட்பவை. ஆனாலும் ராப் கேட்டுப் பழகாத காதும் பிடித்துக்கொள்ள இரண்டிலும் நிறைய மெட்டு இருக்கிறது. 2004க்குப் பிறகு ராப் பிரிவில் வைக்கப்பட்ட ஒரு ஆல்பம்கூட 2025 வரை அந்த விருதைத் தொடவில்லை. இத்தனைக்கும் 2017இல் ஹிப் ஹாப்பும் ஆர் அண்ட் பியும் சேர்ந்து ராக்கைத் தாண்டி, அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் இசையாகிவிட்டன.

கென்ட்ரிக் ஒருவரை மட்டும் எடுத்தாலே போதும். ஆண்டின் ஆல்பம் பட்டியலில் 2014இல் அவரைத் தாண்டி டாஃப்ட் பங்க் ஜெயித்தது. 2016இல் டெய்லர் ஸ்விஃப்ட், 2018இல் புரூனோ மார்ஸ், 2023இல் ஹாரி ஸ்டைல்ஸ். இதில் 2018தான் எனக்கு ஆறாதது. 'டேம்' ஆல்பத்துக்கு கிராமி மேடையில் ராப் ஆல்பம் விருதைக் கொடுத்து, பெரியதை மறுத்தார்கள். சில மாதத்தில் அதே ஆல்பத்துக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. கிளாசிக்கலும் ஜாஸும் அல்லாத ஒரு படைப்புக்கு அந்தப் பரிசு போனது அதுதான் முதல் தடவை. புலிட்சரில் ஒரு சின்னக் குழு உட்கார்ந்து, கேட்டு, பேசி முடிவெடுக்கிறது. கிராமியில் பெரிய கூட்டம், ஆளுக்கு ஒரு டிக். யாருக்கு எத்தனை ஓட்டு என்று வெளியில் சொல்வதும் இல்லை. அதனால்தான் ஒரு ஓட்டில் போனதா ஆயிரத்தில் போனதா என்று தெரியாமல் நாம் ராத்திரி முழுக்கச் சண்டை போடுகிறோம்.

இந்த மனஸ்தாபம் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஹிப் ஹாப் பிறந்தது 1973இல், நியூயார்க்கின் பிராங்க்ஸில். கிராமி அதற்கு ஒரு பிரிவைத் திறந்தது 1989இல். 16 வருஷம். அந்த முதல் ராப் விருதையும் டிவியில் காட்டவில்லை. வில் ஸ்மித்தும் டிஜே ஜாஸி ஜெஃபும் ஜெயித்தார்கள், ஆனால் விழாவுக்குப் போகவில்லை. எல்எல் கூல் ஜே, சால்ட்-என்-பெப்பா என்று மற்றவர்களும் புறக்கணித்தார்கள். ராப் ஆல்பத்துக்கு என்று தனி விருது வந்தது 1996இல்தான். டூபாக்கும் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யும் ஒரு கிராமிகூட வாங்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஸ்னூப் டாக் 15 முறைக்கு மேல் பரிந்துரைக்கப்பட்டும் விருது இல்லாதவர். 1994இல் முதல் ஆல்பத்தோடு ராப்பின் எழுத்தையே மாற்றிய நாஸுக்கு முதல் கிராமி 2021இல்.

இன்றைக்கும் ராப் விருதுகளில் பாதிக்கு மேல் டிவி விழாவில் வருவதில்லை. மத்தியானமே தனி நிகழ்ச்சியில் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். நமக்கு அது திங்கட்கிழமை அதிகாலை இரண்டு மணி. மெயின் விழா தொடங்கும்போது காலை ஆறரை. மார்த்தாண்டத்தில் இருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற காலேஜ் பையன், ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் போனுமாக முடிவைப் பார்ப்பான். கடைசி விருதான ஆண்டின் ஆல்பம் அறிவிக்கும்போது வகுப்பு தொடங்கியிருக்கும். இயர்போனை ஒரு காதில் மறைத்து வைத்துக் கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு இவ்வளவு ஏன் உறைக்கிறது என்று கேட்டால், நம் பக்கத்து நிலைமையையும் பார்க்க வேண்டும். தமிழில் ராப் புதிதில்லை. மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவின் ஆல்பம் 2006இலேயே வந்துவிட்டது. ஆனால் இங்கே பெரிய இசை விருது என்றால் அது சினிமாவுக்குத்தான். தேசியத் திரைப்பட விருதில் பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் எல்லாருக்கும் இடம் உண்டு, படத்தில் வேலை செய்திருந்தால். தக்கலையில் வீட்டு அறையில் மைக் வைத்துத் தானே எழுதி, தானே பீட் போட்டு ஒரு ஆல்பம் முடிக்கிற பையனுக்கு அங்கே விண்ணப்பிக்கக்கூடப் பிரிவு இல்லை. அவனுக்கு கிராமி என்பது, இந்தக் கலையை உலகம் மதிக்கிறதா என்று பார்க்கிற ஒரே இடம். அந்த இடமும் 'உனக்கென்று தனிப் பிரிவு இருக்கிறதே, அதோடு போ' என்று சொன்னால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

மாற்றமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2019இல் சைல்டிஷ் காம்பினோவின் ராப் பாட்டு, ஆண்டின் பாடல், ஆண்டின் ரெக்கார்ட் இரண்டையும் வாங்கியது. ராப்புக்கு அது முதல் தடவை. 2025இல் கென்ட்ரிக் ஒரே ராத்திரியில் 5 விருதுகள் வாங்கினார், அந்த இரண்டும் உட்பட. அதே விழாவில் ராப் ஆல்பம் விருது டோய்ச்சி என்ற பெண் ராப்பருக்குப் போனது. லாரின் ஹில் (ஃபியூஜீஸ் குழுவோடு), கார்டி பி, அவர்களுக்குப் பிறகு அதை வாங்கிய மூன்றாவது பெண். பரிந்துரைகளைத் திரைமறைவில் முடிவு செய்த ரகசியக் குழுக்களை 2021இல் அகாடமி ஒழித்தது. புது உறுப்பினர்களையும் சேர்த்து வருகிறது. ஒரு பாட்டுக்கு மூன்று நான்கு நிமிஷம் போதும், அதனால் பாட்டு விருது முதலில் அசைந்தது என்று நினைக்கிறேன். ஒரு ராப் ஆல்பத்தை முழுசாக, வரி வரியாகக் கேட்க கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். ஆல்பம் விருது அசைய, அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்கிறவர்கள் ஓட்டுப் பட்டியலில் கூட வேண்டும்.

நாமும் கொடுப்போம். ராப் என்றால் சத்தம் என்று சொல்கிற அண்ணனோ அக்காவோ உங்கள் வீட்டில் இருந்தால், 'குட் கிட், மேட் சிட்டி'யை முதல் பாட்டில் இருந்து வரிசையாகப் போட்டுக் காட்டுங்கள். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். நடுநடுவே கென்ட்ரிக்கின் அப்பாவும் அம்மாவும் போனில் பேசுவது வரும். அதைத் தள்ளி விடாதீர்கள், கதை அங்கேதான் நகர்கிறது.