வகுப்பறைச் சந்தேகம் முனைவர் ஆய்வாவது எப்படி?

வணக்கம். இரண்டாம் மொழி, அயல்மொழி கற்பித்தலில் பிஎச்.டி. செய்பவர்களுக்கும் செய்ய நினைப்பவர்களுக்குமான வீடியோ இது. நேராக ஒரு வகுப்பறைக்குள் போவோம்.

[திரையில்: ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்கிறார்கள்]

தமிழ் கற்கும் ஒருவர், "நேற்று நான் நூலகத்துக்குப் போகிறேன்" என்கிறார். ஆசிரியர், "ஓ, நேற்று நூலகத்துக்குப் போனீர்களா?" என்று கேட்கிறார். மாணவர் "ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு மேலே பேசுகிறார். ஆசிரியர் தன்னைத் திருத்தினார் என்பது அவருக்கு உறைத்ததா? இல்லை, சாதாரணக் கேள்வி என்று கடந்துபோனாரா?

ஓர் ஆய்வேட்டுக்கு இந்தச் சந்தேகம் போதும். ஆனால் நெறியாளரிடம் முதல் நாள் பலர் கொண்டுபோவது, "மொழியைக் கற்பிக்கச் சிறந்த வழி எது?" என்ற கேள்வியைத்தான். அதற்கு ஓர் ஆயுள் போதாது. எந்தப் பிழை, எந்த வகைத் திருத்தம், எந்த நிலை மாணவர் என்று கேட்கத் தொடங்கினால்தான் கையில் பிடிக்கக்கூடிய ஒன்று கிடைக்கும்.

மொழிக் கற்பித்தல் ஆய்வாளர்கள் ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் அப்படித்தான் கேட்டார்கள். கனடாவில், பாடங்களையே பிரெஞ்சு மொழியில் படிக்கும் நான்கு தொடக்கப் பள்ளி வகுப்புகள். 18 மணி நேரத்துக்குச் சற்று அதிகமான ஒலிப்பதிவு. 1997-இல் வெளியான முடிவு இது: ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் 55 சதவீதம், நம் ஆசிரியர் செய்ததுபோலச் சரியான வடிவத்தைத் தாமே சொல்லிவிடும் வகை. அவற்றில் 31 சதவீதத்துக்குத்தான் மாணவர்களிடமிருந்து ஏதாவது எதிர்வினை வந்தது. விடையைச் சொல்லாமல் மாணவரையே சொல்லத் தூண்டியபோது எதிர்வினை ஒவ்வொரு முறையும் வந்தது.

சரி, அப்படியானால் தூண்டுவதுதான் சிறந்ததா? இங்கேதான் நிதானம் வேண்டும். மாணவர் அந்த நொடியில் பதில் சொன்னார் என்பது ஒன்று, கற்றுக்கொண்டார் என்பது வேறு. வாயே திறக்காதவர் மனத்தில் அது பதிந்திருக்கலாம். உடனே திருத்திச் சொன்னவர் மறுநாள் மறந்திருக்கலாம்.

இதை அறியத்தான் கற்பிக்கும் முன் வைக்கும் முன்தேர்வு, கற்பித்ததும் வைக்கும் பின்தேர்வு இரண்டோடு நிறுத்தாமல், சில வாரங்கள் கழித்து இன்னொரு தேர்வும் வைக்கிறார்கள். கால அட்டவணை நெருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தத் தாமதத் தேர்வுதான். தயவுசெய்து அதை வெட்டாதீர்கள். வேண்டுமானால் மாணவர்களின் கருத்தைக் கேட்கும் வினாத்தாள் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். மொழி தங்கியதா என்பதைச் சொல்லப்போவது அந்தத் தேர்வு ஒன்றே.

எழுத்துப் பிழைகளிலும் இதே சிக்கல் பெரிய விவாதமாக வெடித்தது. எழுத்து வகுப்பில் இலக்கணத் திருத்தத்தையே கைவிட வேண்டும் என்று 1996-இல் ஜான் ட்ரஸ்காட் வாதிட்டார். 1999-இல் டானா ஃபெரிஸ் அதற்கு மறுப்பு எழுதினார். திருத்தமே பெறாத ஒரு குழுவையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் அதன்பிறகு பெருகின. ஒரு நல்ல சண்டை ஒரு துறைக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறது, பாருங்கள்!

[திரையில்: இரண்டு வகுப்பறைகள் அருகருகே]

அப்புறம் நடைமுறை. பள்ளியில் மாணவர்களைச் சீட்டுக் குலுக்கிக் குழுக்களாகப் பிரிக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். இருக்கிற வகுப்புகளைத்தான் ஒப்பிட முடியும். இரு வகுப்புகளும் தொடக்கத்திலேயே வேறுபட்டிருக்கலாம். ஆசிரியர்களும் வேறாக இருக்கலாம். முன்தேர்வு தேவைப்படுவது இதனால்தான்.

உங்கள் சொந்த மாணவர்களையே ஆய்வு செய்கிறீர்களா? மதிப்பெண் போடும் ஆசிரியரிடம் "ஆய்வில் சேர விருப்பமில்லை" என்று சொல்வது ஒரு மாணவருக்கு எளிதல்ல. ஒப்புதலை வேறொருவர் வாங்கட்டும். யார் சம்மதித்தார்கள் என்பதை மதிப்பெண் வேலை முடியும்வரை நீங்கள் பார்க்காதீர்கள். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு கேட்கிறது என்பதற்காக மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அந்த மாணவருக்கு நாம் தர வேண்டிய மரியாதை இது.

தேர்வால் பிடிக்க முடியாத கேள்விகளும் உண்டு. போனி நார்ட்டன் கனடாவில் குடியேறிய ஐந்து பெண்களின் நாட்குறிப்புகளையும் நேர்காணல்களையும் கொண்டு 1995-இல் எழுதிய கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. கற்கும் ஆர்வம் இருந்தும் அவர்களுக்குப் பேச வாய்ப்பு வாய்க்காத இடங்களை அது காட்டியது. யார் பேசுகிறார், யார் பேச்சுக்குக் காது கொடுக்கப்படுகிறது என்பதும் மொழி கற்பதில் அடங்கும் என்றது. ஐந்து பேர்தானே என்று யாராவது சொன்னால் தயங்காதீர்கள். எத்தனை பேர் வேண்டும் என்பதைக் கேள்விதான் முடிவு செய்யும்.

கடைசியாக ஒரு உதவி. வினாத்தாள், நேர்காணல் கேள்விகள் எல்லாவற்றையும் புதிதாக உருவாக்க உட்காருமுன் ஐரிஸ் (IRIS) என்ற இலவச இணையக் களஞ்சியத்தில் தேடுங்கள். இரண்டாம் மொழி ஆய்வுகளில் பயன்பட்ட கருவிகள் 2011 முதல் அங்கே சேர்ந்துவருகின்றன. ஏற்கெனவே பயன்பட்ட கருவியை எடுத்துக்கொண்டால் உங்கள் முடிவை முந்தைய ஆய்வோடு நேராக ஒப்பிடலாம். ஆய்வேடு முடிந்ததும் உங்கள் கருவிகளையும் அங்கே சேர்த்துவிடுங்கள்.