பெட்டி பறிபோனால் இரக்கம் மீட்டுத் தராது

நடுவர் அவர்களே, "தெருவோர ஷூ பாலிஷ் தொழிலாளிக்கு முதலில் வேண்டியது இரக்கமா, உரிமையா?" என்பது தலைப்பு. எதிரணித் தலைவர், "பத்து ரூபாய் சேர்த்துக் கொடுங்கள், அது போதும்" என்று முடித்தார். கேட்க வருத்தமாக இருந்தது. கூலியை வாங்குபவர் நிர்ணயிக்க முடியாமல், கொடுப்பவரின் மனசைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நிலைமைதானே அவருடைய கஷ்டமே!

வேலையைக் கொஞ்சம் பாருங்கள். லேஸை உருவி, காய்ந்த பிரஷால் புழுதி தட்டி, பிழிந்த துணியால் துடைத்து, ஈரம் உலரக் காத்திருக்க வேண்டும். ஈரத்தோலில் பாலிஷ் பிடிக்காது. பூச்சு மெல்லிசாக இருக்க வேண்டும். அப்பிவிட்டால் தையலில் அடைந்து, விரல் மடியும் இடத்தில் வெடிக்கும். ஐந்து நிமிடம் விட்டுப் பெரிய பிரஷ், கடைசியில் துணி. கறுப்புக்கு ஒரு பிரஷ், பழுப்புக்கு வேறு. டப்பா மூடி சரியாக விழாவிட்டால் பாலிஷ் காய்ந்து பாளம் பாளமாகிவிடும். அந்த நட்டமும் அவர் தலையில்தான்.

பள்ளி ஷூ பலவும் இன்று ரெக்சின். பாலிஷ் அதற்குள் இறங்காது, மேலேயே நின்று கால்சட்டையில் அப்பும். "இதுக்குத் துடைச்சாலே போதும் தம்பி" என்று சொல்கிறவர், கைக்கு வரும் காசையே விட்டுக்கொடுக்கிறார். அவரிடமா இரக்கம் பேசுவது?

சிலர் ஷூவைக் கழற்றாமல் காலைப் பெட்டிமேல் நீட்டுகிறார்கள். கால் உள்ளே இருந்தால் நாக்குப் பகுதிக்கும் குதிகால் ஓரத்துக்கும் பிரஷ் சரியாகப் போகாது. வேலையும் கெடுகிறது, ஆளையும் அவமதிக்கிறது. சாதியைக் காட்டித் தோல் வேலையை ஒரு கூட்டத்தார் தலையில் சுமத்திய மண் இது. கழற்றிக் கையில் கொடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் டெல்டாவே வண்டல் சேறு. நனைந்த ஷூ ஒரு பகலில் உலராது. பாலிஷுக்கு ஆள் வராது. பேருந்து நிலைய ஓரத்தில் தார்ப்பாய் கட்டினால், நடைபாதையை மறிக்கிறார் என்று பெட்டியைத் தூக்கிவிடுவார்கள். பிரஷ், ஊசி, செருப்பைக் கவிழ்த்து ஆணி அடிக்கும் இரும்புக் கால் எல்லாம் அதோடு போய்விடும்.

2014 தெருவோர வியாபாரிகள் சட்டம், பொருள் விற்பவரோடு சேவை செய்பவரையும் சேர்த்தே சொல்கிறது. தெருவோர வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து வியாபாரச் சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. சான்றிதழ் பெற்றவரை இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளை எடுத்தால் பட்டியல் தர வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால், கெடாத பொருளை 2 வேலை நாளில் திருப்பித் தர வேண்டும். எதிரணியின் பத்து ரூபாய் அந்தப் பெட்டியை மீட்குமா?

2028இல் கும்பகோணத்தில் மகாமகம். கூட்டத்துக்காகத் தெருவோரங்களை ஒழுங்குபடுத்தும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடும். அதற்குள் ஒவ்வொரு பாலிஷ் பெட்டியும் கணக்கில் ஏற வேண்டும். உட்காருகிறவர் கையில் சான்றிதழ் இருக்க வேண்டும். எங்கள் அணி கேட்பது இதைத்தான், நடுவர் அவர்களே.