பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் எங்கள் தெருவில் மட்டும் இரண்டு ஜிம் இருக்கிறது. இரண்டிலும் புரதப் பவுடர் டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். என் அக்கா பேரன் ஒரு டப்பாவை வாங்கி வந்து காட்டினான். ஒரு கரண்டிக்கு 24 கிராம் புரதம் என்று போட்டிருந்தது. "தாத்தா, நீங்க பயோகெமிஸ்ட்ரி வாத்தியார்தானே, இது நல்லதா?" என்றான். "இந்த 24-ஐ எப்படி அளந்தாங்கன்னு சொல்லு, அப்புறம் நான் சொல்றேன்" என்றேன். அவன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நீங்கள் வானொலியை அணைக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

உணவில் புரதம் எவ்வளவு என்று அளக்க 1883-ல் டென்மார்க்கில் கெல்டால் என்பவர் ஒரு வழி சொன்னார். கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். உணவை அடர் கந்தக அமிலத்தில் போட்டுக் காய்ச்ச வேண்டும். அதில் இருக்கும் நைட்ரஜன் முழுவதையும் அம்மோனியாவாக்கி அளக்க வேண்டும். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். எனவே, வந்த எண்ணை 6.25-ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு கிடைக்கும். நல்ல முறைதான், இன்றும் உணவு ஆய்வுக்கூடங்களில் நடக்கிறது. ஆனால் அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதே இல்லை.

கேட்காததால் என்ன ஆயிற்று? 2008-ல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்கிற பிளாஸ்டிக் தொழில் ரசாயனத்தைக் கொட்டினார்கள். மெலமைன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். பரிசோதனையில் புரதம் சரியாக இருப்பதாகத் தெரிந்தது. அந்தப் பால்பவுடரைக் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் கெட்டது, சில குழந்தைகள் இறந்தும் போயின. பவுடர் டப்பா விஷயத்திலும் இதற்கு ஒரு சின்னத் தம்பி உண்டு. கிளைசின் என்கிற மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தால் நைட்ரஜன் கணக்கு ஏறிவிடும். எல்லா டப்பாவும் அப்படி என்று நான் சொல்லவில்லை. மொத்தத்தை அளப்பது வேறு, பிரித்து அளப்பது வேறு என்றுதான் சொல்கிறேன். இதை இன்றைக்கு இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்படிப் பிரிப்பது? புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் கோத்த சரம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு 110 டிகிரியில் ஏறக்குறைய ஒரு நாள் வைத்தால் சரம் அறுந்துவிடும். டிரிப்டோஃபான் என்கிற அமினோ அமிலம் அதில் அழிந்துபோகும், அதற்குத் தனி வழி உண்டு. மற்றவை பெரும்பாலும் ஒன்றாகக் கரைந்து நிற்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஒன்றுக்கொன்று சாயலும் அதிகம்.

இதற்கு வழி கண்டது கம்பளிக்காரர்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழிலுக்கென்று ஒரு ஆய்வுக்கூடம். ஆட்டுமயிரும் புரதம்தானே! அதில் எந்த அமினோ அமிலம் எவ்வளவு என்று பார்க்கப் புறப்பட்ட மார்ட்டினும் சிஞ்சும் 1941-ல் ஒரு பிரிக்கும் முறையைச் சொன்னார்கள். 1944-ல் மார்ட்டினும் வேறு இரண்டு சகாக்களும் அதையே சாதாரண வடிதாளில் செய்து காட்டினார்கள். 1952-ல் மார்ட்டினுக்கும் சிஞ்சுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வரைந்து காட்ட முடியாது, அதனால் சிக்பேட்டைக்கு வாருங்கள். கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பம் மெட்ரோவில் வந்து இறங்குகிறது. சித்தப்பா எந்தக் கடையையும் திரும்பிப் பார்க்காமல் தெருக்கோடிக்கே போய்விடுவார். அத்தை கடைக்குக் கடை நின்று புடவையைத் தடவிப் பார்ப்பார். அரை மணி கழித்துப் பார்த்தால் ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. அந்தக் குடும்பம்தான் அமினோ அமிலங்கள். தாளின் நாருக்குள் பிடித்திருக்கும் தண்ணீர்தான் கடைகள், அதன் மேல் ஊர்ந்து போகும் பியூட்டனால் என்கிற திரவம்தான் நடை. தண்ணீர்ப் பிரியமுள்ள லைசினும் அஸ்பார்டிக் அமிலமும் நின்று நின்று பின்தங்கும். எண்ணெய்ப் பசை கொண்ட லியூசினும் ஃபினைல்அலனைனும் முன்னால் ஓடும்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் தெரியாது என்று நிகழ்ச்சி நடத்துபவரிடம் முன்பே எச்சரித்துவிட்டேன். வெளிநாட்டில் இதை நீளத் தாளில் செய்தார்கள். காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் தாளைத் தொங்கவிட்டு ராத்திரி முழுக்க ஓட விடுவார்கள். இங்கே இந்திய அறிவியல் கழகத்தில், அதுதான் ஆட்டோக்காரர்கள் டாடா இன்ஸ்டிட்யூட் என்பார்களே, அங்கே உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தவர் கே.வி. கிரி. வட்டத் தாளில் செய்யலாம் என்று ரட்டர் என்பவர் 1948-ல் சொல்லியிருந்தார். கிரியும் அவருடைய மாணவர்களும் அதை எடுத்து அமினோ அமிலங்களுக்கென்றே செப்பனிட்டு, 1952-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். கம்பளிக்காரர்களுக்கு நோபல் கிடைத்த அதே வருஷம்!

அந்த முறையைத்தான் நான் கடைசி வரை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வட்டமான வடிதாளின் நடுவில் பென்சிலால் ஒரு சின்ன வளையம் போட வேண்டும். பேனா கூடாது, மையும் கிளம்பி ஓடிவிடும். வளையத்தின் மேல் மெல்லிய கண்ணாடிக் குழாயால் துளித்துளியாகத் தொட்டு, ஊதி ஊதி உலர்த்த வேண்டும். மையத்தில் ஓட்டை போட்டு, சுருட்டிய தாள் திரி ஒன்றைச் செருக வேண்டும். கீழே ஒரு பெட்ரி தட்டில் பியூட்டனால், அசெட்டிக் அமிலம், தண்ணீர் கலந்த கலவை. தாளை அதன் மேல் வைத்து இன்னொரு தட்டால் மூடினால் முடிந்தது. திரி உறிஞ்சும், ஈரம் வட்டமாக விரியும். விளிம்புக்குக் கிட்டே வந்ததும் எடுத்து உலர்த்தி, அமினோ அமிலத்தோடு சேர்ந்தால் நிறம் காட்டும் நின்ஹைட்ரின் தெளித்துச் சூட்டடுப்பில் வைத்தால் சில நிமிடங்களில் வெள்ளைத் தாளில் ஊதா வில்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். புரோலின் மட்டும் மஞ்சள். பெரிய பெட்டி வேண்டாம், ராத்திரி காவல் வேண்டாம். பணமில்லாத கல்லூரிக்கு இதைவிட என்ன வேண்டும்? நெருங்கி நிற்பவை பிரியவில்லையா, அதே தாளை உலர்த்தி மறுபடி ஓட விடு என்பதும் கிரி குழுவினர் சொன்னதுதான்.

ஒரு தடவை ஒரு பையனின் தாளில் வில்களுக்கு நடுவே கட்டைவிரல் ரேகை பளிச்சென்று ஊதாவாக வந்து நின்றது. "நான் தொடவே இல்லை சார்" என்றான். வகுப்பே சிரித்தது. வியர்வையிலும் அமினோ அமிலம் இருக்கிறது, நின்ஹைட்ரின் யாரையும் காட்டிக் கொடுத்துவிடும். 1954-ல் சுவீடனில் இருவர் இதைக் கைரேகை எடுக்கவே பயன்படுத்தலாம் என்றார்கள், போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பையன் அடுத்த வாரம் அம்மாவின் சமையலறைக் கையுறையோடு வந்தான், அதில் மஞ்சள்பொடி வாசனை!

தாளில் பெயர் தெரியாத ஒரு புள்ளி வந்தால் என்ன செய்வது? கேசரிப் பருப்புக் கதை அதுதான். வட இந்தியாவில் மழை பொய்த்தாலும் விளையும் பருப்பு. பஞ்ச காலத்தில் மாதக்கணக்கில் அதையே தின்றவர்களுக்குக் கால் விறைத்து நடக்க முடியாமல் போனது. 1964-ல் இதே டாடா இன்ஸ்டிட்யூட்டில் ராவ், அடிகா, சர்மா மூவரும் அந்தப் பருப்பிலிருந்து நச்சைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் ஒரு அமினோ அமிலம், ஆனால் நம் இருபதில் சேராதது. சுருக்கமாக ஓடாப் என்கிறார்கள். புரதச் சரத்தில் இல்லாமல் விதைக்குள் தனியாகக் கிடக்கிறது. நிறைய வெந்நீரில் ஊறவைத்து நீரைக் கொட்டினால் அளவு குறையும். யோசித்துப் பாருங்கள், கெல்டால் முறையில் அளந்தால் இந்த நச்சின் நைட்ரஜனும் புரதக் கணக்கில்தான் சேரும். மொத்தத்தை அளப்பது வேறு, பிரித்து அளப்பது வேறு.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிகழ்ச்சி நடத்துபவர் மூன்று விரலைக் காட்டுகிறார், மூன்று நிமிஷம்தான் மிச்சம். மின்சாரம் வைத்து முழுப் புரதங்களைப் பிரிப்பதைப் பற்றி விரிவாகப் பேசவே குறிப்பு எழுதி வந்தேன். போகட்டும், இரண்டே விஷயம்.

உங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் மொத்தப் புரதம் என்று ஒரு வரி இருக்கும். அது சரியாக இருந்தும் உள்ளே கோளாறு இருக்கலாம். சந்தேகம் வந்தால் டாக்டர் எலக்ட்ரோஃபோரிசிஸ் எழுதித் தருவார். ரத்தத்தின் தெளிநீரான சீரத்தை ஒரு ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஆல்புமின் என்கிற புரதம் முன்னால் தடித்த பட்டையாக ஓடும், காமா குளோபுலின் பின்னால் மங்கலாகப் பரவி நிற்கும். அங்கே மெலிந்த, கூர்மையான பட்டை ஒன்று தெரிந்தால் மைலோமா என்கிற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயா என்று மேலே பார்ப்பார்கள்.

இன்னொன்று, ஹீமோகுளோபின். அரிவாள் செல் நோயாளியின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு மாதிரி நகர்கிறது என்று 1949-ல் அமெரிக்க வேதியியலாளர் லினஸ் பாலிங்கின் குழு காட்டியது. இன்று அழுத்தத்தில் திரவத்தை ஓட்டிப் பிரிக்கும் எச்பிஎல்சி கருவியில் ஏ2 என்கிற ஹீமோகுளோபின் வகையைத் தனியாக அளக்கிறார்கள். 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் தலசீமியா என்கிற பரம்பரை ரத்தச்சோகை நோயைப் பிள்ளைகளுக்குக் கடத்துபவரா என்று பார்ப்பார்கள். அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமலே இருக்கலாம். கணவன் மனைவி இருவருமே கடத்துபவர் என்றால் பிறக்கும் குழந்தைக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு கடுமையான நோய்க்கு. கல்யாணம் பேசும் வீடுகளில் ஜாதகத்தோடு இந்த ரிப்போர்ட்டையும் கேட்கலாம், தப்பே இல்லை. இதோ, கையைக் காட்டிவிட்டார். வணக்கம்.