பிரித்துப் பின்னுதல்

வணக்கம் நேயர்களே.

முதன்முதலாகக் குரோஷே ஊசியை, அதாவது நுனியில் கொக்கி உள்ள ஒற்றைப் பின்னல் ஊசியைக் கையில் எடுத்தபோது, கழுத்தில் சுற்றிக்கொள்ள நீளமாக ஒரு துண்டு பின்னுவதாகத்தான் எண்ணம். 40 கண்ணிகளில் தொடங்கினேன். ஒரு சாண் வளர்ந்ததும் மேசையில் விரித்துப் பார்த்தால், ஒரு பக்கம் குறுகிக்கொண்டே போகிறது. எண்ணினேன். 27 கண்ணிகள்தான் இருந்தன. வரிசைக்கு வரிசை, கடைசிக் கண்ணியில் ஊசியை நுழைக்காமலே திரும்பி வந்திருக்கிறேன். என்ன செய்ய? நூலின் நுனியைப் பிடித்து இழுத்தேன். மூன்று மாலைப் பொழுதுகளின் வேலை இரண்டு நிமிடத்தில் பழையபடி நூலாகிவிட்டது.

எரிச்சல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மாறாக, மனதில் ஒரு லேசான உணர்வு. அது ஏன் என்று அப்போது புரியவில்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நூல் வேலை மனதுக்கு அமைதி தரும் என்று சொல்லும்போது, எல்லோரும் அதன் தாளத்தைத்தான் சொல்வார்கள். ஊசி போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. மூச்சும் அதோடு சேர்ந்துகொள்கிறது. உண்மைதான். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் கைப்பேசியைத் தொட முடியாது என்பதும் சின்ன விஷயமல்ல. ஆனால் என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இங்கே செய்த தவறைத் திரும்பப் பெறலாம். வாய்விட்டுச் சொன்ன சொல்லை அப்படிப் பிரித்தெடுக்க முடியுமா? உடைந்த கண்ணாடியை? பின்னலில் மட்டும் தப்பு நடந்த இடம்வரை பிரித்துக்கொண்டே போய், அங்கிருந்து மறுபடி தொடங்கலாம். நூல் ஒரு அங்குலம்கூடக் குறைந்திருக்காது. ஆங்கிலம் பேசும் பின்னல்காரர்கள் இந்த வேலையைத் தவளையோடு சேர்த்துச் சொல்வார்கள். 'ரிப் இட், ரிப் இட்', அதாவது 'பிரி, பிரி' என்பதை வேகமாகச் சொன்னால் தவளை கத்துவதுபோல் இருக்குமாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் குரோஷேவைத்தான் சொல்வேன். இரண்டு ஊசியில் பின்னும் நிட்டிங்கில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியில் உயிரோடு நிற்கும். ஒன்று நழுவினால் ஏணிபோலக் கீழே இறங்கிக்கொண்டே போகும். குரோஷேவில் பொதுவாக எந்த நேரத்திலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். பாதியில் போட்டுவிட்டு எழுந்து போகலாம். நிட்டிங் பிரியர்கள் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

2013-ஆம் ஆண்டில், தொழில்வழிச் சிகிச்சைக்கான ஒரு பிரிட்டிஷ் ஆய்விதழில் பின்னல்காரர்களைப் பற்றிய கருத்துக்கணிப்பு ஒன்று வெளியானது. பல நாடுகளிலிருந்து 3,545 பேர் பதில் அளித்திருந்தார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள், அதனால் மனம் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். பின்னலைப் பிடித்தவர்கள்தானே உட்கார்ந்து பதில் எழுதியிருப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே இதை மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். மனச்சோர்வு ஆளை அழுத்துகிறதென்றால் மருத்துவரைப் பாருங்கள்; ஊசியும் நூலும் கூட இருக்கட்டும்.

இருந்தாலும், மிக மோசமான நாட்களில் மனிதர்கள் ஊசியைத் தேடிப் போயிருக்கிறார்கள். முதல் உலகப் போரில் ஊனமுற்ற பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக 1918-இல் ஒரு எம்பிராய்டரி அமைப்பே உருவானது. படுக்கையில் இருந்தபடியே செய்யக்கூடிய வேலை அது. அடுத்த போரில் மேஜர் காஸ்டாக்லி என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஜெர்மானியரிடம் கைதியானார். சக கைதி ஒருவர் அவருக்கு ஒரு துண்டுத் துணி கொடுத்தார். நூலுக்கு எங்கே போவது? நைந்துபோன ஒரு பழைய ஸ்வெட்டரைப் பிரித்து நூல் எடுத்தார். 1941 டிசம்பர் தேதியிட்ட அந்தக் குறுக்குத் தையல் படத்தின் ஓரத்தில் புள்ளியும் கோடுமாக ஒரு கரை ஓடுகிறது. பார்த்தால் அலங்காரம், படித்தால் தந்தியில் பயன்பட்ட மோர்ஸ் குறியீடு. ஒரு வரி தன் அரசரை வாழ்த்துகிறது, இன்னொன்று ஹிட்லரை வானொலியில் சொல்ல முடியாத வார்த்தையால் திட்டுகிறது. சிறைக்காவலர்கள் எதுவும் புரியாமல் அதைக் காட்சிக்கே வைத்தார்கள்! அவர் திட்டியதைவிட, ஸ்வெட்டரைப் பிரித்ததுதான் எனக்கு அதிகம் பிடித்தது.

தவறு என்று சொன்னேன் அல்லவா? என் துண்டு குறுகியதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கண்ணிகள் கூடிக்கொண்டே போனால் ஓரம் நெளிந்து நெளிந்து, கீரைபோல அலை அலையாக மடியும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் கணித அறிஞர் டைனா டைமினா 1997-இல் இதையே வேண்டுமென்று செய்தார். ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால், அதிபரவளையப் பரப்பு என்று கணிதத்தில் சொல்கிற, ஓரம் அலை அலையாக விரியும் வளைபரப்பு கையிலேயே உருவாகிவிடுகிறது. அதுவரை காகிதத்தில் ஒட்டிய மாதிரிகள் கிழிந்துகொண்டே இருந்தன. இதுவோ மடக்கிப் பையில் போடலாம். அதனால்தான், வளைந்துபோன ஒன்றை யாராவது வெட்கத்தோடு காட்டினால் உடனே பிரிக்கச் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்வேன்.

எம்பிராய்டரி இவ்வளவு தாராளம் கிடையாது. தையலைப் பிரித்தாலும் ஊசித் துளை துணியில் தெரியும். நெருக்கமான நெசவென்றால் இன்னும் அதிகமாகத் தெரியும். துளை தெரியும் இடத்தில் ஒரு இலையைத் தைத்து மூடுவது என் வழக்கம்; என் பூக்களுக்கு இலை அதிகம் என்று சொல்கிறவர்களுக்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும். அப்புறம், நூலை ஒரு முழத்துக்கு மேல் கோக்காதீர்கள். அடிக்கடி கோக்க வேண்டாமே என்று நீளமாக எடுத்தால் சிக்கும், துணிக்குள் போய்ப் போய்ப் பஞ்சாகும். ஆறிழை நூலென்றால் இரண்டிழையைப் பிரித்தெடுத்தாலே சாதாரண வேலைக்குப் போதும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கழுத்தையும் மணிக்கட்டையும் தளர்த்திக்கொள்ளுங்கள்.

பிரித்த கம்பளி நூல் சுருள் சுருளாக நிற்கும். அப்படியே பின்னினால் கண்ணிகள் ஒழுங்காக வராது. நாற்காலி முதுகில் வட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கசக்காமல் பிழிந்து தொங்கவிடுங்கள். காய்ந்ததும் பெரும்பாலும் நேராகிவிடும்.

நான் முதலில் பிரித்த அந்த நீல நூல் இன்னும் வீட்டில் இருக்கிறது. துண்டாக இருந்து, தொப்பியாகி, அது யார் தலைக்கும் பொருந்தாமல், இப்போது ஒரு மெத்தையுறையில் பாதிவரை வந்திருக்கிறது. நேற்றிரவு எண்ணினேன். இரண்டு கண்ணிகள் அதிகம்.

வணக்கம்.